வி.எல்.சி.யில் வீடியோவைத் துண்டாக்குதல்

1996-ஆம் ஆண்டில் பிரான்சின் 'எகோல் சென்ட்ரால் பாரிஸ்' கல்லூரி மாணவர்கள், வளாக வலையமைப்பின் வழியே காணொளிகளை அனுப்பிக் காணும்பொருட்டுத் தொடங்கிய முயற்சியில் வேர்கொண்டு, 2001 முதல் யாவர்க்கும் சுதந்திர மென்பொருளாக வழங்கிவருவது, சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட வி.எல்.சி. பிளேயர். அநேகமாக எவ்விதக் கோப்பையும் தடையின்றி ஓட்டும் இதற்கு, வீடியோவைத் துண்டாக்கும் சாமர்த்தியமும் உண்டென்பதைப் பலர் அறியார்.

விண்டோஸ் கணினியில் 'வியூ' பட்டியலைத் திறந்து 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்' என்பதைத் தேர்ந்தால், கீழே சிவப்பு வட்டமிட்ட பொத்தானொன்று தோன்றும். கல்யாண வீடியோ 3 மணி நேரம் நீண்டிருப்பினும் நாம் விரும்புவது மாங்கல்யதாரணம் மாத்திரமே என்றால், அதற்குச் சற்று முன்னிருந்து ஓடவிட்டு, அப்பொத்தானை ஒருமுறை அழுத்தி, கெட்டிமேளம் ஓய்ந்த பின் மறுமுறை அழுத்த, அப்பகுதி 'வீடியோஸ்' கோப்புறையில் தனிக் கோப்பாகச் சேர்ந்துவிடும். மூலப் பிரதிக்கு யாதொரு பங்கமும் நேராது. வெட்டு இம்மி பிசகாமல் அமையுமென்று சொல்வதற்கில்லையாதலால், முன்னும் பின்னும் சில விநாடிகளைத் தாராளமாக விட்டுக்கொள்வது உசிதம். வழக்கமான வேகத்தில் ஓடும்போது, 10 நிமிஷப் பகுதிக்கு 10 நிமிஷமும் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். கல்யாண வீட்டாருக்கு அது சிரமமாயிராது.