பூனைக்குட்டிக்குப் பசும்பால் வைக்கலாமா?

வீட்டுப் பரணில் பூனை குட்டி போட்டிருக்கிறதா? பிள்ளைகள் கிண்ணத்தில் பசும்பாலை ஊற்றிக்கொண்டு ஓடுவார்கள். தடுத்துவிடுங்கள்! பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு உண்டாகும். உடம்பில் நீர் வற்றினால் பச்சைக் குட்டி தாங்காது, செத்துக்கூடப் போகும்.

முதல் 4 வாரம் தாய்ப்பாலே போதும். ஆகவே தாய்ப்பூனைக்கு வயிறாரத் தீனி போடுங்கள். தாய் இல்லாத குட்டியா? பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறார்கள். அதை வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் புட்டியில் புகட்டலாம். முதல் வாரத்தில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கவேண்டும். ராத்திரியிலும்தான்! குட்டியைக் குப்புற வைத்தே புகட்டுங்கள். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

அதற்குப் பிறகு குட்டிகளுக்கான கடைத் தீனியை நீரில் ஊறவைத்து, நாளைக்கு 4 வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். முள் நீக்கிய வெந்த மீனையும் மசித்துச் சேர்க்கலாம். குழம்பு மீன் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம்!

வெறும் பால்சோற்றிலேயே பூனை வளர்ப்பவர்கள் உண்டு. பூனை சைவம் ஆகாது. மீனிலும் இறைச்சியிலும் "டாரின்" என்ற சத்து இருக்கிறது. அது குறைந்தால் பூனையின் கண் கெடும். இதயமும் பலவீனமாகும் என்று 1987-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். கறி சமைக்காத வீட்டுக்காரர்களுக்கும் வழி உண்டு: கடைத் தீனியில் இந்தச் சத்தைச் சேர்த்தே விற்கிறார்கள்.