வினாவுத்தரத்தில் விடை மறையும் முறை: தண்டியலங்கார எடுத்துக்காட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பல வினாக்களின் விடைகளை ஒரே சொல்லுக்குள் மறைத்துவைக்கும் சித்திரகவி வகை வினாவுத்தரம் எனப்படும். தண்டியலங்காரத்தில் இடம்பெறும் 'திருவேகம்பம்' என்னும் விடையைப் பகுத்தாய்ந்து, அம்மறைப்புக்குப் புணர்ச்சி விதிகளே கருவியாக நிற்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அதன்வழி, சித்திரகவிகளைச் சந்தி பிரித்துப் பதிப்பதில் எழும் சிக்கலையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சித்திரகவி, வினாவுத்தரம், காதை கரப்பு, குற்றியலுகரம், புணர்ச்சி, மின்பதிப்பு.

முன்னுரை

தமிழில் புதிர் மரபு தொன்மையானது. தொல்காப்பியர் செய்யுளியலில் பிசியை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு, ஒப்புமையால் அமைவது, வெளிப்படக் கூறுவதைக் கொண்டு துணியப்படுவது என இருவகைப்படுத்துகிறார். பிசியில் மறைந்திருப்பது பொருள். பிற்காலச் சொல்லணிகளிலோ சொல்லே மறைக்கப்படுகிறது. காவியாதரிசத்தைத் தழுவிய தண்டியலங்காரம், சொல்லணியியலில் கோமூத்திரி முதல் அக்கரச்சுதகம் ஈறாக 12 சித்திரகவி வகைகளைக் கூறுகிறது. இவை வெறும் சொல்விளையாட்டு என ஒதுக்கப்படுவதுண்டு. ஆயின், இலக்கண விதிகளை அறிந்த கற்போரை முன்னிறுத்தியே இவை இயற்றப்பட்டுள்ளன என்பதற்கு வினாவுத்தரம் தக்க சான்றாகும்.

ஐந்து வினாக்களும் ஒரு விடையும்

தண்டியலங்கார எடுத்துக்காட்டு ஐந்து வினாக்களை அடுக்குகிறது. பூமகள் யார் என்பதற்கு விடை 'திரு'. போகின்றவனை ஏவுபவன் உரைப்பது 'ஏகு'. போரில் எய்யும் சரத்தின் பெயர் 'அம்பு'. அழகின் பெயர் 'அம்'. பிறைசூடிய பெருமான் உவந்து உறையும் இடம் எது என்னும் ஐந்தாம் வினாவுக்கு, முன்னைய நான்கு விடைகளும் புணர்ந்து நிற்கும் 'திருவேகம்பம்' விடையாகிறது.

இதனை இருவழிகளில் விடுவிக்கலாம். உறுப்புகளை அறிந்தவர் அவற்றைக் கூட்டித் தலத்தின் பெயரை அடையலாம். தலத்தை அறிந்தவர் அப்பெயரைப் பகுத்து உறுப்புகளைக் காணலாம். எவ்வழிச் சென்றாலும் மற்றைய வழி விடையைச் சரிபார்க்கும் கருவியாகிறது. ஆகவே, ஐந்தாம் வினா புதிரின் ஓர் உறுப்பாக இருப்பதோடு அதன் உரைகல்லாகவும் அமைகிறது.

புணர்ச்சியே மறைப்புக் கருவி

நான்கு உறுப்புகளையும் தனித்தனியே எழுதினால் 9 எழுத்துகள் வரும். புணர்ந்த சொல்லில் 7 எழுத்துகளே உள்ளன. உறுப்புகளின் 9 எழுத்துகளுள் தி, ரு, ம், ம் ஆகிய நான்கு மட்டுமே புணர்ந்த சொல்லில் மாறாமல் நிற்கின்றன. ஏ, கு, அ, பு, அ என்னும் ஐந்தும் வடிவில் புலப்படுவதில்லை. அவை வே, க, ப என்னும் மூன்று எழுத்துகளுக்குள் கரந்துள்ளன.

இம்மாற்றங்கள் மூன்று புணர்ச்சிகளால் நிகழ்கின்றன. திரு என்பதன் ஈற்று உகரம் முற்றியலுகரமாதலின் கெடாது நின்று, 'ஏகு' என்பதனோடு வகர உடம்படுமெய் பெறுகிறது. ஏகு, அம்பு ஆகியவற்றின் ஈறு குற்றியலுகரமாதலின், வருமொழி முதலில் உயிர் வர உகரம் கெட்டு, எஞ்சிய மெய்யின்மேல் அவ்வுயிர் ஏறுகிறது. இருவகை உகரங்களின் நடத்தையும் இந்த ஒரே சொல்லில் வேறுபட்டு நிற்கக் காண்கிறோம். எழுத்துகளை மட்டும் கூர்ந்து நோக்குபவர் 'ஏகு' என்பதை இதில் காண இயலாது. உகரம் கெட்ட இடத்தை உணர்ந்தவரே காண்பர்.

எழுத்துவழி மறைப்பு

காதை கரப்பில் மறைப்பு வேறு வகையினது. ஒரு செய்யுளின் ஈற்றுப் பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக எழுத்துகளைப் படிக்க, மற்றொரு செய்யுள் வெளிப்படும். மாலைமாற்று, முதலிலிருந்து படிப்பினும் இறுதியிலிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமையும். இவற்றில் எழுத்தின் வரிசையும் எண்ணிக்கையுமே திறவுகோல். எனவே சித்திரகவிகளுள் புணர்ச்சிவழி மறைப்பு, எழுத்துவழி மறைப்பு என இரு நெறிகளைப் பிரித்துக் காணலாம்.

பதிப்பில் எழும் சிக்கல்

எளிய வாசிப்புக்காகச் சந்தி பிரித்து அச்சிடும் வழக்கம் இவ்விரு நெறிகளையும் பாதிக்கிறது. 'திரு ஏகம்பம்' எனப் பிரித்தால் மறைக்கப்பட்ட ஏகாரம் முன்கூட்டியே வெளிப்பட்டுவிடுகிறது. எழுத்துவழி மறைப்பில் இழப்பு இதனினும் பெரிது. 'ஏகம்பு' என்பது 4 எழுத்து; 'ஏகு அம்பு' எனப் பிரித்தால் 5 எழுத்து. காதை கரப்பில் இவ்வாறு ஓர் எழுத்து மிகுந்தால், ஈற்றிலிருந்து படித்து வருகையில் அவ்விடத்தைக் கடந்ததும் வரிசை பிறழ்ந்து, மறைந்துள்ள செய்யுள் சிதைந்துவிடும்.

மின்பதிப்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. 'விகடகவி' என்பது தமிழ் மரபில் 5 எழுத்து. ஒருங்குறியிலோ வகரமும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகளாதலின் அது 7 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. கணினி அக்குறியீடுகளை அப்படியே தலைகீழாக்கினால் இகரக் குறி முதலில் வந்து சொல் சிதையும். இருவழியும் ஒக்கும் சொல்லைக் கணினி ஒவ்வாததாகக் கணிக்கும்.

முடிவுரை

வினாவுத்தரத்தின் விடை எழுத்துகளுக்கிடையே ஒளிந்திருப்பதன்று. புணர்ச்சியில் திரிந்தும் கெட்டும் நிற்பது. குற்றியலுகர இலக்கணத்தைச் செயல்நிலையில் கற்பிக்க இது வகுப்பறைக்கும் உகந்த கருவியாகும். சித்திரகவிப் பதிப்புகளில் புணர்ந்த வடிவமே மூலமாக அமைதல் வேண்டும். பிரித்த வடிவம் தனியே துணைப்பாடமாக இடம்பெறலாம். மின்பதிப்புக் கருவிகளும் குறியீட்டை விடுத்து எழுத்தையே அலகாகக் கொள்ளுதல் வேண்டும். இல்லையேல், படிப்போருக்கு உதவும் நோக்கில் செய்யப்படும் பிரிப்பே, அவர்கள் கண்டறிய வேண்டிய செய்தியை அழித்துவிடும்.