கொரியாவின் கணக்கு நேரானது எப்படி?

இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. தென்கொரியாவில் 1990இல் இந்த எண் 116ஐத் தாண்டியது. 2007 வாக்கில் 106 அளவுக்கு இறங்கி இயல்புக்குத் திரும்பிவிட்டது. இந்தச் சீர்கேட்டுக்கு, கருவின் பாலினத்தைக் காட்டும் ஸ்கேன் கருவியைக் குற்றம் சொல்வதே வழக்கம். ஆனால் அந்தக் கருவி அங்கே இன்றும் இருக்கிறது, முன்பைவிடத் துல்லியமாகவே. மாறியிருப்பது அதன் முன்னால் போய் நின்ற குடும்பம்தான்.

அந்தக் குடும்பத்தில் வம்சம் தந்தை வழியே போனது. முன்னோருக்கான சடங்கை மூத்த மகன் நடத்த வேண்டும்; முதுமையில் பெற்றோர் இருக்க வேண்டியதும் அவன் வீட்டில்தான். 'ஹோஜு' என்ற குடும்பத் தலைவர் முறை இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தது. தந்தை இறந்தால் தலைமை மகனுக்குப் போகும். பள்ளிக்கூடம் போகும் சிறுவன் தன் தாய்க்கே சட்டப்படி தலைவன்! மணமான மகளின் பெயரோ கணவன் வீட்டுப் பதிவேட்டுக்கு மாறிவிடும். ஐந்தாறு பிள்ளைகள் பெற்ற காலத்தில் ஒன்றாவது ஆணாகிவிடும் என்று காத்திருக்க முடிந்தது. இரண்டோடு நிறுத்தும் காலம் வந்ததும் பொறுமை போயிற்று. முதல் குழந்தையில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை; 1990களின் தொடக்கத்தில் மூன்றாவது குழந்தைகளிலோ 100 பெண்களுக்கு 200 ஆண்கள் வரை பிறந்தார்கள். கணக்குப் போட்டுச் செய்த காரியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

படிப்பும் பணமும் வந்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். ஆனால் கொரியா வேகமாக வளர்ந்த 1980களில்தான் விகிதம் கெட்டது. செழிப்பான பஞ்சாபில் 2001 கணக்கெடுப்பின்படி 1,000 சிறுவர்களுக்கு 798 சிறுமிகளே இருந்தார்கள். சரி, கடுமையான சட்டம்? கருவின் பாலினத்தை மருத்துவர் சொல்வதைக் கொரியா 1987இலேயே தடுத்தது. நிலைமை மோசமானது அதற்குப் பிறகு. பின்னாளில் தண்டனையைக் கூட்டியது ஓரளவு உதவியிருக்கலாம். இந்தியாவும் 1994இல் சட்டம் போட்டது. ஆனாலும் குழந்தைப் பாலின விகிதம், அதாவது 1,000 சிறுவர்களுக்கு இருக்கும் சிறுமிகளின் எண்ணிக்கை, 1991இல் 945 ஆக இருந்து 2011இல் 918 ஆனது.

ஹோஜு ஒழிந்தது 2008இல். விகிதம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சீராகத் தொடங்கியதே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். வழக்கம் முதலில் தளர்ந்தது. நகரத்து அடுக்குமாடி வாழ்க்கையில் மகனும் தனிக்குடித்தனம் போனான், பெண்கள் சம்பாதித்தார்கள், 1988இல் தேசிய ஓய்வூதியம் வந்தது, 1991 முதல் மகளுக்கும் சொத்தில் சமபங்கு. நாட்டின் முதல் பெண் வழக்கறிஞர் லீ டே-யங் போன்றோர் 1950களிலிருந்தே குடும்பச் சட்டத்தோடு போராடி வந்திருந்தார்கள். 2024இல், கருவின் பாலினத்தைச் சொல்வதற்கு இருந்த பழைய தடையில் எஞ்சியதையும் அரசமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது.

தமிழ்நாட்டுக்கு வந்தால், தர்மபுரி மாவட்டத்தின் குழந்தைப் பாலின விகிதம் 2001இல் 826. இங்கே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தரும் சட்டம் 1989இலேயே வந்துவிட்டது. ஆனால் நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் பழக்கம் போகவில்லை. அது நீடிக்கும் வரை, ஸ்கேன் மையங்களுக்குச் சீல் வைப்பது பாதி வேலைதான்.