குழந்தையோட ஸ்கூல் டிரிப்புக்குத் துணைக்குப் போகப் போறீங்களா? லீவ் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



"மாமல்லபுரம் ஃபீல்டு டிரிப், துணைக்கு வர முடிஞ்ச பெற்றோர் பேர் கொடுங்க." ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி மெசேஜ் வந்ததும் நம்ம மனசு முதல்ல போடுறது லீவ் கணக்குதான். போன வருஷம் நானும் அதைப் போட்டுட்டு, "ஆபீஸ்ல வேலை இருக்கும்மா"ன்னு சொல்லிட்டேன். யூகேஜி படிச்ச என் பொண்ணு எதுவும் கேட்கல. சாயங்காலம் வந்து, "பிரெண்டோட அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்கப்பா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

இந்த வருஷம் போனேன். கணக்கைப் பார்ப்போம்.

முதல்ல லீவ். பல கம்பெனிகளில் கேஷுவல் லீவ் வருஷக் கடைசியில் காலாவதி ஆயிடும். ஏர்ன்டு லீவ் அடுத்த வருஷத்துக்குப் போகும், வேலையை விடும்போது காசாவும் கிடைக்கலாம். அதனால கேஷுவல் லீவைத்தான் முதல்ல செலவு பண்ணணும். அதுவும் இல்லைன்னா சம்பளப் பிடித்தம். மாசம் 30,000 ரூபாய் வாங்குறவங்களுக்கு, கம்பெனி 30 நாளால் வகுத்தா ஒரு நாளுக்கு 1,000 ரூபாய் போகும். 26 நாளால் வகுத்தா 1,154. எச்ஆர் கிட்ட எந்த முறைன்னு கேட்டுக்குங்க, நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது.

"லீவ் எதுக்கு, போன்லயே வேலை பார்த்துக்கலாம்"னு நினைக்காதீங்க. நான் நினைச்சேன். என் பொறுப்பில் 6 குழந்தைங்க. கிருஷ்ணர் வெண்ணெய் உருண்டைப் பாறை கிட்ட ஒரு கால் வந்தது, எடுத்தேன். பேசிட்டே எண்ணினா 5 தான் இருக்கு! நெஞ்சே நின்னு போச்சு. ஆறாவது பையன் பாறைக்கு அந்தப் பக்கம் நின்னு அதைத் தள்ளிப் பார்த்துட்டிருந்தான். காலைக் கட் பண்ணிட்டேன், அப்புறம் பஸ் ஏறுற வரைக்கும் போனைத் தொடல.

அடுத்து டிரிப் கட்டணம். தொல்லியல் துறை இடங்களில் 15 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்களுக்கு நுழைவு இலவசம். நமக்கு 40 ரூபாய், ஒரே டிக்கெட்டில் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்க்கலாம். ஸ்கூல் தர்ற செலவுப் பட்டியலில் குழந்தைக்கு நுழைவுக் கட்டணம்னு இருந்தா மரியாதையா ஒரு வார்த்தை கேளுங்க. அப்புறம், பழைய வரி முறையில் இருக்கிறவங்க கவனிங்க: 80சி-ல கழிக்க முடியறது டியூஷன் ஃபீஸ் மட்டும்தான். டிரிப் பணம், பஸ் பணம் அதில் சேராது.

அர்ச்சுனன் தபசு சிற்பத்தில் ஒரு பூனை ரெண்டு கையையும் தூக்கித் தவம் பண்ணும், எலிகள் அதுகிட்ட பயமில்லாம நிக்கும். "அங்கிள், அது சும்மா நடிக்குது"ன்னான் ஒரு பொடியன். அதிக வட்டி தர்றதா சொல்ற ஸ்கீம்களைப் பத்தி நான் எத்தனை வீடியோ போட்டிருப்பேன்! அந்தப் பூனையைக் காட்டியிருந்தா போதும்.

பொண்ணு கையில் 50 ரூபாய் கொடுத்திருந்தேன். மூணு கடை ஏறி இறங்கி, 30 ரூபாய்க்கு ஒரு சங்குமாலை வாங்கினா. மீதி 20 ரூபாயைத் திருப்பித் தரல, நானும் கேட்கல. திரும்புற பஸ்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டா.