முற்றத்து முதுமரங்களைப் பேணும் தொழில்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பெருநகரங்களைச் சுற்றி எழுந்த புறநகர்க் குடியிருப்புகளில், வீட்டோடு வீடாக நடப்பட்ட மரங்கள் பலவும் இன்று எழுபது வயதைத் தொட்டும் தாண்டியும் நிற்கின்றன. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் இத்தகைய குடியிருப்புகளுக்கு முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. காட்டில் ஒரு முதுமரத்தின் கிளை முறிந்தால் அது தரையில் கிடந்து மட்கிப்போகும்; புறநகர் முற்றத்திலோ அதே கிளை கூரையின்மீதோ வாசலில் நிற்கும் காரின்மீதோ விழும். மரம் நிற்கவும் வேண்டும், அதனடியில் மனிதர் அஞ்சாமல் நடமாடவும் வேண்டும் என்ற இந்த இரட்டைத் தேவையே ஆர்பரிகல்ச்சர் எனப்படும் மரப்பேணல் துறையை ஒரு தொழிலாக வளர்த்தது. இதில் பயிற்சி பெற்றவரை ஆர்பரிஸ்ட் என்பர்.

இங்கிலாந்தில் பிறந்து, ஒஹையோ மாநிலத்தின் கென்ட் நகரில் குடியேறிய ஜான் டேவி என்பவர் 1901-இல் வெளியிட்ட ‘தி ட்ரீ டாக்டர்’ என்ற நூல், நோயுற்ற மரத்துக்கும் வைத்தியம் உண்டு என்ற எண்ணத்தை அமெரிக்க வீட்டுக்காரர்களிடையே பரப்பியது. அக்காலத்து மர வைத்தியம் பல் வைத்தியத்தின் முறையையே பின்பற்றியது எனலாம்: பொந்தைத் திறந்து, அழுகிய பகுதியை நல்ல கட்டை தெரியும்வரை சுரண்டி எடுத்து, குழியில் சிமென்ட் கலவையை நிரப்பி, வெட்டுவாயில் தார் பூசுவார்கள். பார்வைக்கு நேர்த்தியாக இருந்த இந்தச் சிகிச்சை, பல மரங்களுக்கு நோயைவிட அதிகக் கேட்டையே செய்தது. காற்றில் மரம் அசையும், சிமென்ட் அசையாது என்பது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. முதன்மையான காரணம் மரத்தின் உடலமைப்பில் இருந்தது.

அந்த உடலமைப்பைத் தெளிவாக்கியவர் அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளரான அலெக்ஸ் ஷைகோ. அதுவரை மரங்களைக் குறுக்காக வெட்டியே உள்ளழுகலை ஆராய்ந்து வந்த நிலையில், அவர் சங்கிலி ரம்பத்தைக் கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து, அழுகல் எங்கே தொடங்கி எங்கே நின்றிருக்கிறது என்பதைத் தொடர்ந்து பார்த்தார். விலங்கின் உடலில் காயம்பட்ட திசு அழிந்து அதே இடத்தில் புதுத் திசு வளர்கிறது. மரத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. காயம்பட்ட கட்டை காயம்பட்டபடியே என்றும் உள்ளே இருக்கிறது. கப்பலின் அடிப்பகுதியில் ஓட்டை விழுந்த அறையை மட்டும் அடைத்துவிடுவதுபோல, மரம் அப்பகுதியைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. 1977-இல் ஷைகோ வெளியிட்ட விளக்கத்தின்படி இத்தடுப்புகள் நான்கு. நீர் ஏறும் குழாய்களை மேலும் கீழும் அடைப்பது முதலாவது. இதுவே மிகவும் வலுவற்றது என்பதால்தான் அழுகல் பெரும்பாலும் நெடுக்கில் நீளமாக ஓடுகிறது. உள்நோக்கிய பரவலை ஆண்டு வளையங்களும், பக்கவாட்டுப் பரவலை மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்த் திசுக்களும் தடுக்கின்றன. நான்காவது, காயம்பட்ட பிறகு பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் என்னும் வளர்படலம் புதிதாக உருவாக்கும் சுவர். பழைய கட்டையில் புகுந்த பூஞ்சையைப் புதுக் கட்டைக்குள் வரவிடாமல் நிறுத்தும் இதுவே நான்கிலும் உறுதியானது. பொந்தை நல்ல கட்டைவரை சுரண்டியவர்கள், மரம் பல ஆண்டுகள் முயன்று எழுப்பிய அந்தச் சுவரையே உடைத்துப் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டார்கள்.

கிளை வெட்டும் முறையும் இந்த அறிவால் மாறியது. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்றுப் புடைத்த ஒரு வளையம் தெரியும். கிளைக்கழுத்து எனத்தக்க இவ்வளையம் அடிமரத்தின் திசுவாலானது, அழுகலைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் அங்கேதான் செறிந்திருக்கின்றன. முன்னாளில் கிளையை அடிமரத்தோடு ஒட்டச் சீவுவதே நல்ல வேலையாகக் கருதப்பட்டது. அது கழுத்தையும் சேர்த்து நீக்கி, காயத்தைத் தேவையின்றிப் பெரிதாக்கியது. இன்று கழுத்துக்குச் சற்று வெளியே வெட்டுகிறார்கள். கனமான கிளையாயின், முதலில் அடிமரத்திலிருந்து முழ அளவு தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டும், அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டும் போட்டுப் பாரத்தை இறக்கிய பின்பே, எஞ்சிய கட்டையைக் கழுத்தை ஒட்டி அறுக்கிறார்கள். நேரே ஒரே வெட்டாக அறுத்தால், கிளை சாயும்போது பட்டை அடிமரத்தில் நெடுகக் கிழிந்து இறங்கும். காயத்தின்மீது தார் பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் இதே ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஓக் வாடல் நோய் பரவியுள்ள பகுதிகளில் மட்டும் விலக்கு உண்டு; அந்நோயின் பூஞ்சையைச் சுமந்துவரும் வண்டுகள் புதுக் காயத்தை நாடுவதால், வண்டுகள் நடமாடும் பருவத்தில் வெட்ட நேர்ந்தால் உடனே வண்ணம் பூசிவிடுகிறார்கள்.

மரம் உயரமாகிவிட்டது என்று உச்சியை மொட்டையடிப்பதுதான் புறநகர்களில் இன்றும் ஒழியாத பெருந்தீங்கு. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் தளிர்கள் வலுவான இணைப்பின்றி, அழுகும் முனையைப் பற்றியபடியே பருக்கின்றன; அச்சத்தைப் போக்கச் செய்த வேலை சில ஆண்டுகளில் முன்னிலும் ஆபத்தான மரத்தை விட்டுச் செல்கிறது. ஓராண்டில் உயிருள்ள இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் நீக்கக்கூடாது என்பது பொதுவான வரம்பு. உணவுச் சேமிப்பு குன்றிய முதுமரத்துக்கு அதனினும் மிகக் குறைவாகவே நீக்குவர்.

பொந்து விழுந்த மரமெல்லாம் விழப்போகும் மரம் என்ற நம்பிக்கையும் சரியானதன்று. உருளையான ஒரு தண்டின் வளையா உறுதி அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே உள்விட்டம் வெளிவிட்டத்தில் 70 விழுக்காடாக இருக்கும் முழுவட்டக் குழாய், அதே பருமனுள்ள திண்ணிய தண்டின் உறுதியில் ஏறத்தாழ 24 விழுக்காட்டை மட்டுமே இழக்கிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாவுஸ் மாத்தெக் முன்வைத்த, எஞ்சிய நல்ல கட்டையின் தடிமன் ஆரத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்ற விதி இந்த எல்லையோடு ஒத்துப்போகிறது. எனினும் பொந்தின் வாய் பக்கவாட்டில் திறந்திருந்தாலோ, அழுகல் ஒருபுறமாக ஒதுங்கியிருந்தாலோ அந்த ஓர் எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. அதனால் வல்லுநர் முதலில் மரச்சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்கிறார். ஐயமிருந்தால் மெல்லிய துளையூசியைச் செலுத்தி, அது எதிர்கொள்ளும் தடையின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் பெறுகிறார், அல்லது தண்டைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி, ஒலி குறுக்கே செல்லும் வேகத்திலிருந்து உட்பகுதியின் படத்தை ஆக்குகிறார். வேர்க்கழுத்தில் தட்டுப் பூஞ்சை முளைத்திருப்பது எந்தக் கருவியும் இன்றியே கிடைக்கும் தடயம்.

ஆயினும் முற்றத்து மரங்களுக்கு வரும் கேடுகளில் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் தொடங்குகிறது. நீரையும் ஊட்டத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் அரை மீட்டர் ஆழத்துக்குள், கிளைகளின் விரிவையும் தாண்டிப் பரந்து கிடக்கின்றன. மார்பு உயரத்தில் தண்டின் விட்டம் எத்தனை அங்குலமோ அத்தனை அடி ஆரமுள்ள வட்டத்தைத் தொடக்கூடாது என்பது நடைமுறைக் கணக்கு; இரண்டடி தடித்த மரத்துக்கு இது 24 அடி, அதாவது ஏழு மீட்டருக்குச் சற்று மேல். சாதாரண வீட்டு மனையில் அவ்வட்டத்துக்குள் கார்ப்பாதையும் கழிவுநீர்க் குழாயும் வந்துவிடுகின்றன. குழாய்க்குப் பள்ளம் தோண்டி வேரை அறுத்த விளைவு உச்சிக் கிளைகள் காய்வதாகத் தெரியவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால், வீட்டுக்காரர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. வல்லுநர் அழுத்தக் காற்றைப் பீய்ச்சி, வேர் அறாமல் மண்ணை மட்டும் விலக்கி, தண்டை நெரித்துச் சுற்றிய வேர் உண்டா, கனரக வண்டிகளால் மண் இறுகியதா என்று பார்க்கிறார். மருந்தென்று கொடுப்பது பெரும்பாலும் மரச்சில்லு மூடாக்குத்தான். அதையும் ஐந்து முதல் பத்து செ.மீ. கனத்தில், தண்டைத் தொடாமல் பரப்ப வேண்டும். தண்டைச் சுற்றிக் குன்றுபோலக் குவிக்கும் வழக்கம் பட்டையை ஈரத்திலேயே வைத்து நலியச் செய்கிறது.

சில்வர் மேப்பிள் போன்றவற்றில், கூர்ங்கோணமாகப் பிரியும் இரு பெருங்கிளைகளுக்கு இடையே பட்டை சிக்கி இணைப்பு பலவீனப்படும். அங்கே மேற்பகுதியில் எஃகு வடம் கட்டுவதுண்டு. கட்டிய வடத்தைக் காலமுறையில் சோதிக்காவிட்டால் அதை நம்பிப் பயனில்லை.

மிக முதிர்ந்த மரம் நீரை உச்சிவரை ஏற்ற இயலாமல் மேற்கிளைகளைக் காயவிட்டு, கீழ்க்கிளைகளைக் கொண்டு தாழ்ந்த புதுத் தலையை அமைத்துக்கொள்கிறது. பிரிட்டனில் பழம்பெரும் ஓக் மரங்களைக் கவனித்தவர்கள் இந்தப் பின்வாங்கலைப் பார்த்தே ஒரு வெட்டு முறையை வகுத்தனர்: உச்சியைச் சிறிது சிறிதாக, சில ஆண்டு இடைவெளி விட்டுக் குறைத்து, கீழே வெளிச்சம் பட வைத்து, உட்புறத் தளிர்கள் பருக்கக் காத்திருப்பது. மொட்டையடிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வெட்டின் அளவிலும் காத்திருக்கும் காலத்திலும்தான் இருக்கிறது. பத்து இருபது ஆண்டு நீளும் இவ்வேலைக்கிடையே வீடு கைமாறுவது இயல்பு. எந்தக் கிளை எதற்காக விடப்பட்டது என்ற குறிப்பு அடுத்த உரிமையாளரிடம் சேராவிட்டால், முற்றத்தைத் துப்புரவாக்க வந்த முதல் கூலியாளே அந்தக் கீழ்க்கிளைகளை அறுத்துப் போட்டுவிடுவார்.