வாவியோர வீதிகள் – 14: எண்பது மில்லிகிராம்

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதைப் பற்றிய பேச்சை, மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் பொலிஸாரைக் கண்டதும் மோட்டார் சைக்கிள்கள் கிறுகி ஓடிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் பிடிபட்டவர்களோடு நீதிமன்றத்துக்குப் போவோம் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஓர் எண் வந்து வழியை மறித்துக்கொண்டது.

நூறு மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் மதுசாரம். இலங்கையில் அந்த அளவைத் தொட்டவர் வாகனம் செலுத்தினால் குற்றம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், அது 30. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 50. இளம் சாரதிகளுக்கும் புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்தவர்களுக்கும் 20. ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் பறிகொடுக்கும் நாடு, இறப்போரில் பெரும்பங்கினர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும் நடந்து போகிறவர்களுமாக இருக்கும் நாடு, இவ்வளவு தாராளமான எண்ணை ஏன் வைத்திருக்கிறது? அந்த 80 முதலில் எங்கே பிறந்தது? தேடப்போன இடத்தில் கிடைத்தது, நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய கதை.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலப் பொலிஸில் ரொபேர்ட் போர்க்கென்ஸ்டைன் என்றொரு அதிகாரி இருந்தார். 1954இல் மூச்சை ஊதி மதுசாரம் அளக்கும் கருவியைச் செய்தவர் அவர்தான். பொலிஸ் வேலையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனபின், 1962 ஜூலை தொடங்கி ஓராண்டு, மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் அவரும் குழுவினரும் வீதியில் நின்றார்கள். விபத்தில் சிக்கிய ஏறத்தாழ 6,000 சாரதிகளை ஊதச் சொன்னார்கள். அதோடு விட்டுவிடாமல், முன்பு விபத்துகள் நடந்த இடங்களில், அதே கிழமையில், அதே நேரத்தில், ஒரு சிக்கலும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த 7,500க்கு மேற்பட்டவர்களையும் மறித்து ஊதச் சொன்னார்கள். இந்த இரண்டாவது வேலைதான் அருமையானது. விபத்துக்குள்ளானவர்களில் எத்தனை பேர் குடித்திருந்தார்கள் என்று எண்ணினால் மட்டும் போதாது. விபத்தில்லாமல் வீடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குடித்திருந்தார்கள் என்றும் தெரிந்தால்தான் குடி எவ்வளவு ஆபத்தைக் கூட்டுகிறது என்று சொல்ல முடியும். அளவு ஏற ஏற ஆபத்து எப்படி உயர்கிறது என்று அவர்கள் வரைந்த கோடு உலகெங்கும் சட்டமியற்றுகிறவர்களின் மேசைக்குப் போனது. 150 மில்லிகிராமில் ஆபத்து ஏறத்தாழ 25 மடங்கு. பிரித்தானியா 80ஐத் தெரிவு செய்ததற்கு இந்த ஆய்வே அடிப்படை.

அந்தக் கோட்டில் ஒரு வியப்பு உண்டு. மிகக் குறைந்த அளவில், 10 முதல் 40 மில்லிகிராம் வரை, கோடு ஏறாமல் சற்றே கீழே வளைகிறது. ஒரு துளியும் குடிக்காதவர்களைவிடக் கொஞ்சம் குடித்தவர்கள் குறைவாக விபத்தில் சிக்கியதுபோலத் தெரிகிறது.

இதைப் படித்ததும் போன மாதம் ஒரு செத்தவீட்டில் கேட்ட பேச்சு நினைவுக்கு வந்தது. வயல் செய்யும் ஒரு மாமா, உறவுமுறையில் தூரம், மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணியபடி சொன்னார்: “மகன், ரெண்டு போட்டாத்தான் எனக்கு ரோட்டு நேரா தெரியும்.” சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். வாவியின் இரு கரையிலும் இந்த நம்பிக்கை எத்தனை பேரிடம் இருக்கிறது! அமெரிக்க ஆய்வின் வளைவு அவருக்குச் சாட்சி சொல்கிறதா?

இல்லை. வந்த விடை என்னை மிகவும் மகிழ்வித்தது. கொஞ்சம் குடித்த கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்று பிறகு வந்தவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அதில் அடிக்கடி குடித்துப் பழகிய, நடுவயதைத் தொட்ட, நீண்டகாலம் வண்டி ஓட்டிய ஆட்கள் அதிகம். துளியும் குடிக்காத கூட்டத்திலோ புதிதாக ஓட்டப் பழகிய இளைஞர்களும் வயோதிபர்களும் அதிகம். அவர்கள் குடிக்காமலே கூடுதலாக விபத்தில் சிக்குகிறவர்கள். இரண்டு கூட்டத்தையும் மொத்தமாக ஒப்பிட்டதால்தான் அந்த வளைவு. எவ்வளவு அடிக்கடி குடிப்பவர் என்று ஆட்களைப் பிரித்து, ஒவ்வொரு வகையினரையும் அவர்களுடைய குடிக்காத நிலையோடு ஒப்பிட்டபோது வளைவு காணாமற்போனது. ஒவ்வொரு வகையிலும் முதல் துளியிலிருந்தே கோடு மேலேதான் ஏறுகிறது. அந்த மாமா குடித்துவிட்டு விழாமல் வீடு சேர்ந்தது அவருடைய முப்பது வருடப் பழக்கத்தால். குடிக்காமல் போயிருந்தால் இன்னும் பத்திரமாகச் சேர்ந்திருப்பார்.

இனி அந்த 80ஐ நம்மூர் அளவையில் பார்ப்போம். சுவீடன் நாட்டு எரிக் விட்மார்க் தந்த கணக்கு முறை இன்றும் பயன்படுகிறது. 60 கிலோ எடையுள்ள ஓர் ஆண், வெறும் வயிற்றில், கால் போத்தல் சாராயத்தை (180 மில்லிலீற்றர் என்று கொள்வோம்) மளமளவென்று குடித்தால் குருதியில் ஏறத்தாழ 120 மில்லிகிராமுக்கு ஏறும். ஒரு காலுக்கே சட்டத்தின் எல்லை தாண்டிப்போகிறது. ஏறிய மதுசாரத்தை உடல் மணிக்குச் சராசரி 15 மில்லிகிராம் வீதம் கரைக்கும். தேசிக்காய்த் தண்ணி, தேத்தண்ணி, கிணற்றடிக் குளியல் எதுவும் அதை விரைவுபடுத்தாது.

இந்த 15தான் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் சட்டத்தைத் தோற்கடிக்கிறது. இரவு எட்டு மணிக்கு ஒருவர் 120இல் பிடிபடுகிறார் என்று வையுங்கள். பொலிஸாரின் கையில் ஊதுகிற பலூன் இருந்தால் அங்கேயே சான்று கிடைத்துவிடும். ஒருமுறைக்கு மட்டும் பயன்படும் அந்தப் பலூனோடு பொருத்திய கண்ணாடிக் குழாயில் மஞ்சள் நிறப் பளிங்குத் துகள் இருக்கும். மூச்சில் மதுசாரம் பட்டால் துகள் பச்சையாகும். பச்சை எவ்வளவு தூரம் ஏறியது என்பதே அளவு. பலூன் இல்லையென்றால் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வாகனம் வரவேண்டும், வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இரவுக் கடமையில் உள்ள வைத்தியருக்கு முன்னால் பாம்புக்கடி, காய்ச்சல் குழந்தை, நெஞ்சுவலி. முறை வந்து அவர் பேச்சையும் கண்மணியையும் நடையையும் பார்க்கும்போது மணி பதினொன்று. அப்போது அந்த ஆளின் குருதியில் 75. எட்டு மணிக்கு எதிரே வந்த சைக்கிள்காரரைக் கொன்றிருக்கக்கூடிய ஆள், பதினொரு மணிக்குச் சட்டப்படி குடிக்காதவர். அதற்கிடையில் யாராவது ஒரு பெரியவரின் தொலைபேசி அழைப்பு வந்தால் வைத்தியசாலை வரை போகவேண்டிய தேவையும் இல்லை.

பிரித்தானியாவுக்குத் திரும்புகிறேன். 1967 ஒக்டோபர் 9இல் ஊதும் சோதனை அங்கே நடைமுறைக்கு வந்தது. கொண்டுவந்தவர் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில். அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. மதுக்கடைக்காரர்கள் கொதித்தார்கள், கொலை மிரட்டலும் வந்தது. அந்த அம்மையார் அசையவில்லை. முதல் ஆண்டிலேயே வீதி மரணங்கள் ஆயிரத்துக்கும் மேல் குறைந்தன. மிகப் பெரிய வீழ்ச்சி, எல்லோரும் குடிக்கும் வார இறுதி இரவுகளில்.

பிறகு மெல்ல மெல்லப் பழைய நிலை திரும்பியது. லோரன்ஸ் றோஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அதை ஆராய்ந்து 1973இல் எழுதினார். சட்டம் வந்த புதிதில் ஒவ்வொரு திருப்பத்திலும் பொலிஸ் நிற்கும் என்று சனம் நம்பியது. சந்தேகம் இருந்தால் மட்டுமே ஊதச் சொல்லலாம் என்பதும், அப்படிச் சொல்வது அபூர்வம் என்பதும் நாட்போக்கில் விளங்கிவிட்டது. அச்சம் போனதும் பலனும் போனது. தண்டனை அப்படியேதான் இருந்தது.

கல்லடியில் பின்னேரம் நின்று பார்த்தால் இதே பாடம் கண்முன்னே நடக்கும். எதிரே வரும் மோட்டார் சைக்கிள் ஹெட்லைற்றை இரண்டு தரம் வெட்டி வெட்டிக் காட்டும். முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். வாங்கியவர் அடுத்தவருக்குக் காட்டுவார். ஐந்து நிமிடத்தில் நாவற்குடா வரை செய்தி போய்விடும். ஹெல்மெட் இல்லாத பையன் மட்டும் மாட்டுவான். இதைச் செய்கிறவர்கள் கெட்ட மனிதர்களில்லை. ஒருவருக்கொருவர் உதவுவதாகத்தான் நினைக்கிறார்கள். அந்த வெளிச்சம் யாரைக் காப்பாற்றி விடுகிறது என்று அவர்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஆனால் நம்முடைய நிலத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு நினைத்த இடத்தால் போக முடியாது, இடையில் வாவி. வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பாலங்கள். இல்லாவிட்டால் குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் ‘பாதை’ என்கிற மிதவைப் படகு. மண்முனையிலும் 2014 வரை பாதைதான். மோட்டார் சைக்கிளை ஏற்றி, ஆட்களோடு ஆட்களாக நின்று, கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய் இறங்குவோம். வெறியில் வந்தவரைப் பாதைக்காரர் திட்டி ஒரு மூலையில் உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன். “சாவியத் தா, அக்கரையில தாறன்” என்று வாங்கி வைத்துக்கொண்டவரும் உண்டு. பாலம் வந்தது பெரிய நன்மை. கர்ப்பிணியை இரவில் கொண்டுபோகத் தவித்தவர்களைக் கேளுங்கள். அந்தத் திட்டும் சாவியும் மட்டும் பாலத்தோடு போய்விட்டன.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பர் 17 முதல் பொலிஸார் சந்தேகம் எதுவும் இல்லாமலே யாரையும் மறித்து ஊதச் சொல்லத் தொடங்கினார்கள். இன்று ஒரு வீதி, நாளை வேறொன்று. முதல் ஆண்டிலேயே உயிரிழப்பு ஐந்தில் ஒரு பங்களவு குறைந்தது. விடாமல் செய்ததால் அந்தப் பலன் நிலைத்தது. அவர்கள் ஆயிரக்கணக்கான வீதிகளில் செய்ததை நாம் சில பாலங்களில் செய்தால் போதும். வெள்ளி, சனி இரவுகளில், போயாவுக்கு முதல்நாள் பின்னேரத்தில், கோயில் திருவிழாக் காலத்தில், எந்தப் பாலம் என்று முன்கூட்டித் தெரியாதபடி நின்று, ஓட்டோ, லொறி, அரச ஜீப் என்று பார்க்காமல் எல்லோரையும் ஊதச் சொல்லட்டும். பாலத்தின் நடுவில் ஹெட்லைற் வெட்டினாலும் திரும்பிப் போக வேறு வழி கிட்டத்தில் இல்லை. கைநிறையப் பலூன் வேண்டும், அவ்வளவுதான்.

80ஐ 50 ஆக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஊதவே சொல்லாத வீதியில் 80 இருந்தாலென்ன, 20 இருந்தாலென்ன? முதலில் பலூன் வரட்டும்.

இவ்வளவும் எழுதியதில் பக்கம் நிறைந்துவிட்டது. நீதிமன்றம் அடுத்த வாரம். 2016 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில் 25,000 ரூபா தண்டம் அறிவிக்கப்பட்டதும், அதை எதிர்த்துத் தனியார் பஸ்கள் ஓடாமல் நின்றதும், அந்தத் தொகையை ஒரு மீனவக் குடும்பம் எங்கே கடன் வாங்கிக் கட்டுகிறது என்பதும் அதில் வரும். 2017இல் கல்குடாவில் மதுசாரத் தொழிற்சாலைக்கு எதிராக எழுந்த போராட்டத்தைப் பற்றி வாழைச்சேனை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும், நீதிமன்றம் முடியட்டும்.