நாம் கடந்து வந்த கடலின் அடித்தரை

தலைமன்னார் என்ற பெயரை எடுத்தாலே, கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் உள்ள மூத்தவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் எத்தனையோ பேர். பின்னர் 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. கண்டியில் பெட்டி கட்டிப் புகையிரதம் ஏறியவர்கள், அதே தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வேறு பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிப் பயிர் செய்தார்கள்.

இப்படி நம்மவர்கள் பல தடவை கடந்த கடல் அது. அந்தத் தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

கடலுக்குள் ஒரு வயல்

இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலுள்ள பாக்கு நீரிணையும், அதன் தெற்கே உள்ள பாக்கு விரிகுடாவும் ஆழம் குறைந்தவை. விரிகுடாவின் பெரும்பகுதியில் ஒரு தென்னை மரத்தின் உயரத்துக்கு மேல் ஆழம் இல்லை. ஆகவே வெயில் அடித்தரை வரை இறங்குகிறது. அங்கே கடற்புல் வளர்கிறது. இது பாசி அல்ல. வேரும் இலையும் பூவும் உள்ள உண்மையான தாவரம். கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். இறாலும் நண்டும் மீன் குஞ்சுகளும் இதற்குள் ஒதுங்கி வளர்கின்றன. சேற்றிலும் மணலிலும் சங்கும் கடலட்டையும் வாழ்கின்றன.

வயலில் மண் கெட்டால் விளைச்சல் கெடும். கடலிலும் அப்படித்தான். கண்டிச் சந்தையில் நாம் வாங்கும் மன்னார்க் கருவாட்டின் கதை இந்த அடித்தரையில்தான் தொடங்குகிறது.

எப்படி அளக்கிறார்கள்?

அந்தக் காலத்தில் கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கினார்கள். குண்டின் அடியில் கொழுப்புப் பூசியிருக்கும். கயிறு ஆழத்தைச் சொல்லும். கொழுப்பில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பி ஓடா என்று காட்டும். இன்று படகிலிருந்து ஒலியை அனுப்பி, அது அடியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கிறார்கள். ஆனால் என்ன உயிர்கள் வாழ்கின்றன என்பதை அறிய மனிதர் சுழியோடிப் பார்ப்பது இன்றும் தேவைப்படுகிறது. ஒரு சதுரச் சட்டத்தை அடியில் வைத்து, அதற்குள் உள்ள புல்லையும் உயிர்களையும் எண்ணுவார்கள். நெல் வயலில் சட்டம் போட்டு அறுத்து விளைச்சலைக் கணிக்கிறார்களே, அதே முறைதான்.

ஒரு தடவை எண்ணினால் போதுமா? போதாது. வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு பக்கம் ஓடும் நீரோட்டம், சோளகக் காற்றில் திசை மாறுகிறது. மணல் இடம் பெயர்கிறது. இதை நன்கு விளக்கும் பழைய சம்பவம் ஒன்று உண்டு.

பெரிய பார் தந்த பாடம்

நீரிணைக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறைக் கரைக்கு அப்பால், மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிப் படுக்கைகள் உள்ளன. 1891க்குப் பின் பத்து வருடங்களுக்கு மேல் அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சிப்பிகள் ஏன் மறைகின்றன என்று அறிய, ஆங்கில அரசாங்கம் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை 1902இல் வரவழைத்தது. அவரும் ஜேம்ஸ் ஹோர்னெலும் கப்பலில் சென்று அடித்தரையை ஆராய்ந்தார்கள்.

கடலடியில் உள்ள கெட்டியான பாறைத் தரையைச் சுழியோடிகள் 'பார்' என்பார்கள். பெரிய பார், முத்துவராத்துப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். ஆராய்ச்சியாளர்களும் அந்தப் பெயர்களையே தங்கள் அறிக்கையில் எழுதினார்கள். 1902 மார்ச்சில் பெரிய பாரில் எண்ண முடியாத அளவுக்கு இளஞ்சிப்பிகள் கிடந்தன. நவம்பரில் போய்ப் பார்த்தபோது அவை இல்லை. இடையில் வீசிய தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தில் அவை அடிபட்டுப் போயின என்று கண்டார்கள். வேறு இடங்களில் மணல் மூடுவதும் மீன்கள் தின்பதும் காரணங்களாக இருந்தன. ஆபத்தான இடத்திலிருந்து இளஞ்சிப்பிகளை எடுத்து, நல்ல தரையில் நாற்றுப் போல மாற்றிப் பரப்பலாம் என்று அவர்கள் ஆலோசனை கூறினார்கள்.

அதன்பின் நடந்தது என்ன? 1903 முதல் ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. 1905இல் மட்டும் சுமார் 5 ஆயிரம் சுழியோடிகள் 8 கோடி சிப்பிகளை எடுத்தார்கள். அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. 1906இல் படுக்கைகள் 20 வருடக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் போயின. 1907க்குப் பின் பல வருடங்கள் குளிப்பே இல்லை. குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பனி கலைந்தது. பார்களுக்குப் பெயர் வைத்தவர்கள் குத்தகைப் பேச்சில் எங்கே நின்றார்கள்? எங்கும் இல்லை.

இன்று யார் அளக்கிறார்கள்?

இப்போது வேறொரு ஆபத்து. இழுவைப் படகுகள் பாரமான பலகையும் வலையும் கொண்டு அடித்தரையை உழுகின்றன. பயிர் நிற்கும்போதே வயலை உழுவது போன்றது இது. புல் வேரோடு போகிறது. கலங்கிய சேறு வெயிலை மறைக்கிறது. இலங்கை 2017இல் இதைச் சட்டத்தால் தடை செய்தது. தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுவுக்கான பாதுகாப்பு வலயமாக்கியது. எங்கே புல் உண்டு, எங்கே கடற்பசு வரும் என்று அறியாமல் இப்படி ஓர் எல்லையைப் போட முடியாது. ஆகவே அளவை நல்லது, தேவையானது.

ஆனால் அளவை யாருடைய கைக்குப் போகிறது என்பதே கேள்வி. இதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர், தெல்தெனியாவின் பழைய பட்டினத்தையும் சுற்றியிருந்த வயல்களையும் மூடியது. அங்கேயும் முதலில் வந்தது அளவைச் சங்கிலிதான். நிலத்தை இழந்தவர்களுக்கு அந்தச் சங்கிலியின் ஓசை தெரியும்.

ஆகவே மன்னார், வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியுள்ள குடும்பங்களுக்கும், அவர்களுடைய கடற்றொழில் அயலவர்களுக்கும் நாம் சொல்வது இதுதான். கடலையோ குளத்தையோ நிலத்தையோ அளக்க ஆட்கள் வந்தால் ஒதுங்கி நிற்காதீர்கள். யாருக்காக அளக்கிறார்கள், அறிக்கை தமிழில் எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். பெரிய திட்டங்களுக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, பொதுமக்கள் கருத்துக்காக 30 நாட்கள் திறந்து வைக்கப்பட வேண்டும். அரச அலுவலகங்களிடம் உள்ள அறிக்கைகளைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி தருகிறது. சங்கக் கூட்டத்தில் ஒரு கொப்பி வைத்து, எந்த மாதம் எங்கே என்ன கிடைத்தது என்று எழுதி வாருங்கள். அதுவும் ஓர் அளவைதான்.

பெரிய பாரின் இயல்பைக் கப்பலில் வந்தவர்கள் எழுதி வைத்தார்கள். அதன் பெயரைச் சொன்னவர்கள் சுழியோடிகள். அடுத்த தடவை பெயர் சொல்வதோடு நாம் நின்றுவிடக் கூடாது.